டீக்கடை சொல்வது டீசல்... வீட்டுக் கணக்கு சொல்வது என்ன? பழைய வெர்னா வாங்கும் முன் ஒரு பார்வை!

வ. புதுப்பட்டி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, ‘பழைய கார் ஒண்ணு பார்க்கலாம்னு இருக்கேன்’ என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் முடிவே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

“டீசலாப் பாருங்க அண்ணாச்சி. பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகாது.”

“வெர்னா ஒண்ணு இருக்கு மாமா. ஒன் பாயின்ட் சிக்ஸ் டீசல். டாக்டர் ஓட்டுன வண்டி. விட்டுட்டா கிடைக்காது!”

விற்பனைக்கு வரும் பழைய கார் எல்லாமே ஏன் ஒரு டாக்டர் ஓட்டியதாகவே இருக்கிறது என்பது தனி ஆராய்ச்சி. அது கிடக்கட்டும். சீட்டு எடுத்த பணமோ, தேங்காய் விற்ற பணமோ, ரிட்டயர்மென்ட் பணமோ... மூன்று லட்ச ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை மறுபடி சேரப் பல வருடம் ஆகும். அதனால் டீக்கடை ஆலோசனையைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போடுவது நல்லது. ஏனென்றால், டீக்கடையில் யாரும் பேசாத ஒரு எஞ்சின் இந்தக் காரில் இருக்கிறது!

நம்ம ஊர் கார்... நாலு எஞ்சின்!

ஹூண்டாய் வெர்னாவைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் செய்யப்பட்ட கார். தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பின்சீட்டில் ஒரு பாட்டி என்று ஐந்து பேர் போகலாம். பின்னால் 465 லிட்டர் டிக்கி. குற்றாலம் போய்விட்டு வரும்போது ஈரத்துணி மூட்டை, பழக்கூடை, பால்கோவா டப்பா எல்லாம் அதில் அடங்கிவிடும்.

2006-ல் வந்த முதல் வெர்னாவை இப்போது விட்டுவிடலாம். அதற்கு வயதாகிவிட்டது. பழைய கார் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது 2011 மே மாதம் வந்த ‘ஃப்ளூயிடிக்’ வெர்னாதான். அலை அடித்தது மாதிரி பக்கவாட்டில் கோடு போட்ட அந்தக் கார், அறிமுக விலையே ஏழு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு என்று வந்து இறங்கியபோது அதன் வகைக் கார்களையெல்லாம் ஒரு கலக்குக் கலக்கியது. 2015 பிப்ரவரியில் முகத்தை மாற்றி, சஸ்பென்ஷனைச் சரிசெய்து கொடுத்தார்கள். 2017 ஆகஸ்டில் அடுத்த தலைமுறை வந்துவிட்டது.

இந்த ஃப்ளூயிடிக் வெர்னா நாலு எஞ்சினோடு வந்தது. பெட்ரோலில் இரண்டு: 1396 சி.சி. கொண்ட 1.4, 1591 சி.சி. கொண்ட 1.6. டீசலில் இரண்டு: அதே 1396 சி.சி.யில் 1.4, 1582 சி.சி.யில் 1.6. திறனைப் பார்த்தால் 1.4 பெட்ரோல் 107 குதிரைத்திறன், 1.6 பெட்ரோல் 123, 1.4 டீசல் 90, 1.6 டீசல் 128. ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் 1.6 எஞ்சின்களில் மட்டும்தான் கிடைத்தது. அதுவும் நாலே கியர் கொண்ட பழைய பாணி.

குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. வண்டியை இழுக்கும் விசையை ‘டார்க்’ என்பார்கள். 1.6 டீசலில் அது 260 நியூட்டன் மீட்டர், 1.6 பெட்ரோலில் 155-தான். டீசலில் அந்த இழுவை எஞ்சின் 2000 சுற்றை ஒட்டியே கிடைத்துவிடும். பெட்ரோலில் 4000 சுற்றைத் தாண்ட வேண்டும். ஏ.சி. போட்டு, ஆள் நிறைய ஏறி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் போகும்போது டீசல் வெர்னா கியர் மாற்றாமல் ஏறும். பெட்ரோல் வெர்னாவில் ஒரு கியர் குறைத்து, எஞ்சினைக் கொஞ்சம் கத்தவிட்டுத்தான் ஏற வேண்டும். ஓட்டிப் பார்த்தவர்கள் 1.6 டீசலைக் கொண்டாடுவதில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் அந்த விலையில் அவ்வளவு இழுவை தந்த கார்கள் குறைவு.

அப்படியென்றால் டீக்கடை சொன்னது சரிதானே? 2012-ல் சொல்லியிருந்தால் நூற்றுக்கு நூறு சரி.

முப்பது ரூபாய் காலம்

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. டீசலுக்கு அந்தக் கட்டுப்பாடு 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடைப்பட்ட நாலு வருடத்தில் பெட்ரோல் விலை பல தடவை ஏறியது. 2012 மே மாதம் ஒரே இரவில் லிட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல்!

டீசல் கார்களுக்காகக் காத்திருந்த காலம் அது. ஹோண்டா சிட்டியில் அப்போது டீசலே கிடையாது, 2014 ஜனவரியில்தான் வந்தது. அந்த இடைவெளியில் புகுந்து விளையாடியது வெர்னா. ‘டீசல்னா லாபம்’ என்ற வார்த்தை நம் வாயில் ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

இப்போது அந்த வித்தியாசம் எவ்வளவு? தமிழ்நாட்டில் சமீப வருடங்களில் லிட்டருக்கு எட்டு, ஒன்பது ரூபாய்தான். முப்பது ரூபாய் போய்விட்டது, வார்த்தை மட்டும் டீக்கடையிலேயே தங்கிவிட்டது.

நோட்டை எடுங்க... கணக்குப் போடலாம்!

வ. புதுப்பட்டியில் இருக்கும் ஒரு சராசரிக் குடும்பம் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வத்திராயிருப்புக்குக் கடை கண்ணி என்று அடிக்கடி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆஸ்பத்திரி, ஆண்டாள் கோயில். ராஜபாளையத்துக்கு ஜவுளி, பிள்ளைகளின் விசேஷம். மாதம் ஒரு தடவை கிருஷ்ணன்கோவில் வந்து மெயின் ரோட்டைப் பிடித்து, திருமங்கலம் வழியாக மதுரை. உள்ளூர்ப் பயணங்களையும் சேர்த்தால் மாதம் 500 கிலோமீட்டர் வரும். வருடத்துக்கு 6,000.

பெட்ரோல் வெர்னா லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 17 கிலோமீட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் போட்ட மைலேஜ் இதைவிட ரொம்ப அதிகம். பத்து வயது தாண்டிய காரில், ஏ.சி. போட்டு, ஊர்ச் சாலையில் ஓட்டும்போது இப்படி அடக்கமாகக் கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால்...

பெட்ரோல் வண்டிக்கு வருடம் 500 லிட்டர், 50,500 ரூபாய். டீசல் வண்டிக்கு 353 லிட்டர், ஏறக்குறைய 32,800 ரூபாய். டீசலில் மிச்சம் 17,700 ரூபாய்.

‘பார்த்தீங்களா, டீசல்தான் லாபம்!’ என்று எழுந்துவிடக் கூடாது. அடுத்த வரி இன்சூரன்ஸ்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு வருடம் 3,416 ரூபாய். 1500 சி.சி.யைத் தாண்டினால் 7,897 ரூபாய்! மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. அதாவது, 1.6 எஞ்சின் வெர்னா வைத்திருப்பவர் 1.4 வைத்திருப்பவரைவிட வருடா வருடம் சுமார் 5,300 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். கார் ஓடினாலும் சரி, வேப்பமரத்தடியில் நின்றாலும் சரி. ஐந்து வருடத்துக்கு 26,000 ரூபாய்க்கு மேல். ‘பெரிய எஞ்சின் எடுங்க’ என்று சொல்கிற யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆக, 1.6 டீசலின் 17,700 ரூபாய் மிச்சத்தில் 5,300 போய்விட்டது. கையில் நிற்பது 12,400. இதில் டீசல் ஃபில்டர், சர்வீஸில் கூடுதலாகப் பிடிக்கும் ஆயில் என்று இன்னும் கொஞ்சம் கழியும். அதற்கும் மேல், வாங்கும்போதே டீசல் வண்டிக்கு விற்பவர் கூடுதல் விலை சொல்வார்.

அப்புறம்தான் பெரிய விஷயமே இருக்கிறது.

டீசல் கெடுவது ஓடி ஓடி அல்ல, ஓடாமல்!

காமன் ரெயில் டீசல் எஞ்சினில் எரிபொருள் பயங்கரமான அழுத்தத்தில் இன்ஜெக்டர் வழியாகப் பனிப்புகை மாதிரி பீய்ச்சப்படுகிறது. அந்த இன்ஜெக்டரின் துளை மிக மெலிதானது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ இருந்தால் முதலில் அடிபடுவது அதுதான். வெர்னாவில் நாலு இன்ஜெக்டர். புதிதாக ஒன்று மாற்றினாலே ஐந்து இலக்கத்தில் பில் வரும். டர்போ என்றால் அதற்கும் மேல். ஒரே ஒரு ரிப்பேரில், ஒரு வருட மிச்சம் மொத்தமும் போய், அடுத்த வருடத்திலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கவேண்டி வரும்.

இதில் கிராமத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். டீசல் எஞ்சினுக்கு நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடுவதுதான் பிடிக்கும். புதுப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு போய், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதெல்லாம் அதற்குத் தூரமே இல்லை. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்தியாகிவிடும். இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் இ.ஜி.ஆர். வால்விலும் காற்று போகும் பாதையிலும் கரி அப்பிக்கொள்ளும். இழுவை குறையும், கறுப்புப் புகை வரும், மைலேஜ் இறங்கும். ‘கம்மியாத்தான் ஓட்டுனேன், எப்படிக் கெட்டுச்சு?’ என்று கேட்பார்கள். கம்மியாக ஓட்டியதால்தான் கெட்டது.

ஒரு ஆறுதல். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் இருக்கும் புகைவடிகட்டி இந்தப் பழைய வெர்னாவில் கிடையாது. அதனால் அது அடைத்துக்கொண்டு வரும் தலைவலியும் இல்லை. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருப்பது இன்னொரு ஆறுதல். ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டியில் செயின் நீண்ட நாள் உழைக்கும். ஆயிலில் மிச்சம் பிடித்தவரின் வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கடகட’ என்று செயின் சத்தம் கேட்கும்.

பெட்ரோல் பக்கம் பிரச்னையே இல்லையா? உண்டு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011-ல் செய்த கார் அதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு. இப்படிப்பட்ட பழைய வகைக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது. மேலே நாம் 12 கிலோமீட்டர் என்று அடக்கிப் போட்டது இதையும் சேர்த்துத்தான். மைலேஜைவிட முக்கியம், பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள், வாஷர்கள். பழைய ரப்பரை எத்தனால் சீக்கிரம் இறுக்கிவிடும். வண்டி வாங்கியதும் முதல் சர்வீஸில் இந்தக் குழாய்களைப் பார்க்கச் சொல்வதும், தேவைப்பட்டால் மாற்றுவதும் புத்திசாலித்தனம். இன்ஜெக்டர் பில்லோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு. காரை மாதக்கணக்கில் டேங்கில் பாதிப் பெட்ரோலோடு நிறுத்திவைக்காமல் இருப்பதும் நல்லது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

அந்த நாலாவது எஞ்சின்

கூட்டிக் கழித்துப் பார்த்தால், மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்குப் பொருத்தமாக நிற்பது 1.4 பெட்ரோல்தான். டீக்கடையில் யாரும் வாயெடுக்காத எஞ்சின்! இன்சூரன்ஸ் குறைவு, ரிப்பேர் எளிது, டர்போ கிடையாது, குறுந்தூரப் பயணத்தைப் பற்றிக் கவலையில்லை. மெதுவான எஞ்சின் என்ற பேர் அதற்கு உண்டு, உண்மைதான். முந்திச் செல்லும்போது கியரைக் குறைத்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ராஜபாளையம் ரோட்டில் பஞ்சு லாரியை ஒரே மிதியில் தாண்ட நினைப்பவருக்கு இது எரிச்சலைத்தான் தரும். பிள்ளைகளோடு 80-ல் போகிறவருக்கு இது போதும்.

1.6 பெட்ரோல் ஓட்டுவதற்கு இன்னும் சுகம். மைலேஜிலும் பெரிய வித்தியாசம் வராது. ஆட்டோமேட்டிக் கியர்தான் வேண்டும் என்றால் பெட்ரோலில் இதைத் தவிர வழியும் இல்லை. வருடம் ஐயாயிரத்துச் சொச்சம் கூடுதல் இன்சூரன்ஸை ‘சந்தோஷச் செலவு’ என்று நினைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

1.4 டீசல் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. இன்சூரன்ஸ் குறைவு, மைலேஜ் அதிகம். ஆனால், 90 குதிரைத்திறனை வைத்து இவ்வளவு பெரிய காரை இழுக்க வேண்டும். டீசல் ரிப்பேர்ச் செலவு 1.6-க்கு வருவதுதான் இதற்கும் வரும்.

1.6 டீசல் யாருக்கு? மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு. தினம் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர், ஊர் ஊராகச் சரக்கு எடுக்கப் போகும் வியாபாரி, வாரம் தவறாமல் திருநெல்வேலி போகிறவர். வருடம் 18,000 கிலோமீட்டருக்கு அதே கணக்கைப் போட்டால் டீசலில் மிச்சம் 53,000 ரூபாய். இன்சூரன்ஸ் கூடுதலைக் கழித்து, இன்ஜெக்டர் ரிப்பேருக்கு ஒதுக்கியும் லாபம் நிற்கும். நெடுந்தூரம் ஓடுவதால் கரியும் பிடிக்காது. அவருக்கு டீக்கடை சொன்னது இன்றைக்கும் சரி.

பாட்டியை உட்கார வைத்துப் பாருங்கள்!

எஞ்சின் முடிந்தது. கார் எப்படி? ஃப்ளூயிடிக் வெர்னாவின் மிகப்பெரிய குறை பின்பக்க சஸ்பென்ஷன். ரொம்ப மெத்துமெத்தென்று செய்துவிட்டார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சொகுசு. அதுவே நாலுவழிச் சாலையில் வேகம் பிடித்து, பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆடும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால், பெரிய வேகத்தடையில் அடிவயிறு தட்டவும் செய்யும். ஸ்டீயரிங்கும் வேகத்தில் கொஞ்சம் லேசாக இருக்கும். 2015 வண்டிகளில் இந்தக் குறைகள் கணிசமாகச் சரிசெய்யப்பட்டன. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஒரு லட்சத்தை எஞ்சினில் போடாமல் வருடத்தில் போடலாம். 2011 டீசலைவிட 2015 பெட்ரோல் நல்ல கார்.

கூரை பின்னோக்கிச் சரிவதால் பின்சீட்டில் ஏறும்போது குனிய வேண்டும். இருக்கையும் தாழ்வு. முழங்கால் வலி உள்ள பாட்டியையோ தாத்தாவையோ டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போய் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். வாங்கியபின் அவர்கள் ‘நீங்க போயிட்டு வாங்கப்பா’ என்று வீட்டிலேயே தங்கிவிட்டால், அவ்வளவு பெரிய கார் எதற்கு?

ஏர்பேக் எத்தனை, ஏ.பி.எஸ். பிரேக் உண்டா என்பதெல்லாம் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். உச்ச வேரியன்ட்டில் ஆறு ஏர்பேக் வரை கொடுத்தார்கள். ‘வெர்னான்னா எல்லாம் இருக்கும்’ என்று நம்பாமல் எந்த வேரியன்ட் என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். இரண்டு வண்டி ஒரே விலையில் வந்தால், அலாய் வீல் உள்ளதை விட்டுவிட்டு ஏர்பேக் உள்ளதை எடுக்கலாம்.

வெள்ளத்தில் மிதந்ததா... டெல்லியிலிருந்து வந்ததா?

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போக வேண்டும். ‘வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் செயின் சத்தம், புகை எல்லாம் உண்மையைச் சொல்லும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப் என்று புகை வருகிறதா? மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். அப்படி வந்தால் அந்த வண்டியை மறந்துவிடலாம்.

நிறுத்திவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் பயப்பட வேண்டாம். இந்தக் கார்களின் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும். பொருள் விலை குறைவு, கழற்றி மாட்டும் கூலிதான் செலவு. ஆனால், விலை பேசும்போது முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொள்ளலாம்!

சென்னை வண்டி என்றால் கூடுதல் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றைத் துடைத்து, சீட் கவர் மாற்றி, தெற்கே கொண்டுவந்து விற்பது நடக்காத கதையல்ல. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் போதும். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் கதை வெளியே வந்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு, டிக்கி மேட்டுக்குக் கீழே ஸ்டெப்னி குழியில் மண், மூடிய காருக்குள் பூஞ்சை வாடை... இவையும் அப்படித்தான்.

‘டெல்லி வண்டி, பாதி விலை’ என்றும் வரும். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் கார் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால்தான் அந்த ஊர் டீசல் கார்கள் மலிவாகத் தெற்கே இறங்கின. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால், அங்கிருந்து என்.ஓ.சி. வர வேண்டும், இங்கே மறுபடி பதிய வேண்டும், தமிழ்நாட்டுச் சாலை வரி கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ‘பாதி விலை’ முக்கால் விலையாகி நிற்கும்.

உள்ளூர் வண்டியிலும் ஒரு தேதி முக்கியம். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். 2011-ல் பதிந்த வெர்னாவுக்கு 2026-ல் கெடு முடிகிறது. பலர் இப்போது விற்க வருவதே அதற்காகத்தான். கெடு முடிந்தால் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, தகுதிச் சான்று வாங்கி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த இதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாகிவிட்டது. பசுமை வரி தனி. ஹெட்லைட் மங்கல், டயர் தேய்மானம், பாடி துரு என்று எஃப்.சி.க்கு முன் செய்யவேண்டிய வேலைகளும் உண்டு. கெடு முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ‘எஃப்.சி. காட்டிக் கொடுங்க, வாங்கிக்கிறேன்’ என்று விற்பவரிடமே சொல்வதுதான் பத்திரம். ‘அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை வராது, நீங்களே காட்டிக்கலாம்’ என்று அவர் சிரித்தால், விலையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நீக்காமல் இருந்தால் 35-ம் எண் படிவத்தில் வங்கியின் கையெழுத்து வேண்டும். அதை விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் போதாது. பதினான்கு நாளுக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே வண்டி ஓடி, ஏதாவது ஒரு விபத்து நடந்தால் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி போய்விடும்.

கடைசியாக, இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். ‘அது எங்கேயோ தொலைஞ்சு போச்சுங்க’ என்று சொன்னால், புதுச் சாவிக்கு ஆகும் செலவை அப்போதே விலையில் குறைத்துக்கொண்டு, மீதிப் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.